மைக்கில் நான் திட்டிய பாட்டு

மூன்று வருடத்துக்கு முந்திய தை மாதம் நடந்தது இது. போடிநாயக்கனூரில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியை. அதற்கு முந்தின வருடம்தான் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. நாலரை மணிக்கு எழுந்து அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி கொடுத்து, சமைத்து, பாத்திரம் விளக்கி, எட்டேகாலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் வந்தால் திரும்பவும் அதே வேலை. யாராவது "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டால், "இருக்கேன்" என்பதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது.

அந்த நாட்களில் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது ஒரு குத்துப்பாட்டு. சொன்னால் சிரிப்பீர்கள். சினிமாப் பாட்டுகூட இல்லை. உள்ளூர் ஆல்பம் ஒன்றில் வந்து, திருவிழா ஸ்பீக்கரிலும் ஜீப்புகளிலும் ஓடி ஓடியே பெயர் வாங்கிய பாட்டு. பரோட்டாக் கடை மாமனை ஒரு பெண் வம்புக்கு இழுக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். அசிங்கமாக ஒன்றும் இருக்காது. ஆனால் கௌரவம் பார்க்கிற வீடுகளில் சத்தமாக வைக்கிற பாட்டு இல்லை. உறுமியும் தவிலும் சேர்ந்து அடிக்கிற அடிக்கு மேலே அந்தப் பெண்ணின் குரல் எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போய், நாலு நிமிடமும் அங்கேயே நிற்கும். யாருக்கும் பயப்படாத குரல்.

பாத்திரம் விளக்கும்போது ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொள்வேன். இன்னொரு காது கணவர் கூப்பிட்டால் கேட்பதற்கு. அந்தப் பாட்டு முடிவதற்குள் குக்கர், இட்லித் தட்டு எல்லாம் விளக்கி முடித்திருப்பேன். ஒரு நாளைக்கு எனக்கென்று கிடைத்த நேரம் அவ்வளவுதான். பள்ளியில் என்னைப் பழைய பாட்டும் கர்நாடக சங்கீதமும் மட்டுமே கேட்பவளாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன். போனில் அந்தப் பாட்டுக்கு 'யாப்பிலக்கணம்' என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆண்டுவிழா நிகழ்ச்சிகளுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு புதன்கிழமை மைதானத்து மேடையில் ஒத்திகை நடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் ஆட வந்தார்கள். முன்னால் நின்ற பெண் அதிகம் பேசாதவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள்தான் பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ஸ்பீக்கரில் உறுமி உறுமியது. அதே பாட்டு.

எனக்கே தெரியாமல் என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் என் காலைப் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு போலருக்கே!" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முந்தின இரவு கணவருக்குக் காய்ச்சல், நான் கண்ணை மூடவே இல்லை. அது ஒரு காரணம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மை அது இல்லை. மாட்டிக்கொண்டேன் என்ற கூச்சம்தான். மைக்கை எடுத்துப் பாட்டை நிறுத்தச் சொன்னேன்.

"இதெல்லாம் ஒரு பாட்டா? இதைப் பாடினவளுக்கும் வெட்கம் இல்லை, ஆட வந்தவங்களுக்கும் வெட்கம் இல்லை!"

மைதானம் முழுக்கக் கேட்டது. மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெண் மட்டும் குனியவில்லை. என்னையே பார்த்தாள். அழவும் இல்லை. பிறகு மெல்ல மேடையை விட்டு இறங்கிப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று இரண்டு நாள் நினைத்தேன். அடுத்த வாரமும் வரவில்லை. கூட ஆடிய பெண்ணைக் கேட்டதற்கு, "அவ படிப்ப நிப்பாட்டிட்டா டீச்சர். அவங்கம்மா கூட ஏலக்காய் எடுக்கப் போறா" என்றாள். பதினாலு வயசுப் பிள்ளை.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்காவைக் கணவரிடம் உட்கார வைத்துவிட்டு, விடிந்தும் விடியாமலும் ஜீப்புகள் கிளம்பும் இடத்துக்குப் போனேன். மலைமேல் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினஞ்சு பெண்கள், மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு. மூன்றாவது ஜீப்பில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா பதறி எழுந்து கும்பிட்டார்.

"வாங்க டீச்சர். இவளப் பாக்கவா வந்தீங்க? நானும் போ போன்னுதான் சொல்றேன். மாட்டேங்குறா. என்னன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்குறா. நீங்களாச்சும் கேளுங்க."

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். "பேசணும்னா ஏறுங்க டீச்சர், வெரசா! நேரமாச்சு." ஏறிவிட்டேன்.

ஜீப்பு வளைவு வளைவாக ஏறியது. கீழே போடி ஊர் பனிக்குள் மறைந்துபோனது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததில் காலை அசைக்க இடமில்லை. பாதிப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அந்தக் களைப்பை எனக்குத் தெரியும். நானும் பஸ்ஸில் அப்படித்தான் தூங்குவேன். அப்போது டிரைவர் பாட்டுப் போட்டார். உறுமி அடித்தது. தூங்கியவர்கள் கண்ணைத் திறந்தார்கள். ஒருத்தி தூக்குவாளியில் தாளம் போட்டாள். அத்தனை முகத்திலும் வெளிச்சம் வந்தது.

"அந்தப் பாட்ட அமத்துங்கண்ணே!" என்று மகள் கத்தினாள்.

பாட்டு நின்றது. அம்மா என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். "பத்து நாளா இந்தப் பாட்டுன்னாலே இவளுக்கு ஆக மாட்டேங்குது டீச்சர். முன்னயெல்லாம் வாய் ஓயாமப் பாடுவா."

என் பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருவர் என் முழங்கையை இடித்தார். "டீச்சருக்குத் தெரியாதாக்கும்? அந்தப் பாட்டப் பாடுனதே இவ அம்மாதான்!"

மகள் அப்போது என்னைப் பார்த்தாள். மைதானத்தில் பார்த்த அதே பார்வை. எதற்காக அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தாள், பார்க்க வருகிறவர்களில் யாரை உட்கார வைத்து ஆட நினைத்தாள் என்று எனக்கு விளங்கியது. நான் சொன்னதை அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் விளங்கியது.

தோட்டத்தில் இறங்கியதும், அரை மணி நேரத்தில் கீழே போகும் லோடு ஜீப்பு ஒன்றில் திரும்பிவிடலாம் என்றார்கள். இறங்கிப் போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அப்படியும் ஒரு நிமிடம் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் மகள் அம்மாவுக்கு முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு செடிக்குள் போவதைப் பார்த்தபோது கால் நகரவில்லை.

ஏலச்செடியில் காய் அடியில், தரையை ஒட்டித்தான் பிடிக்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க முடியும். அந்த அம்மா குத்தவைத்துக் காய் எடுக்க, நானும் எதிரில் ஈரத்தில் உட்கார்ந்து, மைக்கில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் கை நிற்கவில்லை. காயைப் பறித்து வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"எனக்குப் பழகிப்போச்சு டீச்சர். அவளுக்கு இன்னும் பழகல."

பிறகு அவரே பேசினார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே திருவிழாக் கச்சேரிகளில் பாடியவர். மகள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் மத்தியான நேரத்தில் அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறார். ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் இல்லை. வீடியோவில் வேறு ஒரு பெண் வாயசைத்தாள். பாட்டு ஊரெல்லாம் ஓடியது. புகுந்த வீட்டில், மேடையில் பாடுகிறவளுக்கு வெட்கம் இல்லை என்று நான் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி, பாடுவதையே நிறுத்தினார்கள். "அவங்க சொன்னப்பக்கூட இவ சின்னப் புள்ள. இப்ப வெவரம் தெரிஞ்சு கேட்டுட்டா" என்றார்.

"அந்தப் பாட்டை நான் தினமும் கேக்குறேம்மா" என்றேன். "அதைக் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது ஓடும்."

"சமாதானத்துக்குச் சொல்லாதீங்க டீச்சர்."

"ரெண்டாவது சரணத்துல, மாமன் கல்லுல தண்ணி தெளிக்கிற இடத்துக்கு முன்னாடி, லேசா ஒரு சிரிப்புச் சிரிப்பீங்களே. அந்த இடம் வர்றதுக்காகவே கேப்பேன்."

அவர் கை அப்போதுதான் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது சிரிப்பு இல்ல டீச்சர். இருமல். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். அடக்கப் பாத்தேன், முடியல. அப்படியே விட்டுட்டாங்க."

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அந்தக் குரலை இத்தனை பக்கத்தில் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்காக அழுதேன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அலுப்பும் அதில் இருந்தது.

மகள் இரண்டு செடி தள்ளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். "மைக்குல சொன்னீங்கல்ல டீச்சர்? மைக்குலயே மாத்திச் சொல்லுங்க. அப்பத்தான் வருவேன்." அம்மா அவளை அதட்டினார். நான் சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டத்தில் மைக்கை வாங்கினேன். ஒத்திகையில் நான் திட்டிய பாட்டு எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, தினமும் ஒளிந்துகொண்டு கேட்கிறேன், அதைப் பாடியவர் நம் மாணவி ஒருத்தியின் தாய், வெட்கப்பட வேண்டியவள் நான்தான் என்று சொன்னேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு, "வீட்டுல சிரமம்னு தெரியும். லீவு வேணும்னா எடுத்துக்கங்களேன்" என்றார். ஆண்டுவிழாவில் அந்தப் பாட்டை அவர் கடைசிவரை அனுமதிக்கவில்லை.

செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்து, அந்தப் பெண் புதன்கிழமை சீருடையில் வந்து நின்றாள். ஆனால் விழாவில் ஆடவில்லை. அவள் அம்மாவை விழாவில் பாடக் கூப்பிட்டேன். "அன்னைக்குச் சோலி இருக்கு டீச்சர்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. இப்போது அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு. எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். நின்று பேசமாட்டாள். அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

என் கணவர் இப்போது கொஞ்சம் நடக்கிறார். மற்றபடி என் நாட்கள் மாறவில்லை, களைப்பும் குறையவில்லை. எனக்குப் பிடித்த ஒன்றைப் பிடிக்கும் என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூசியதற்காக ஒரு பிள்ளை இரண்டு வாரம் மலையில் குனிந்து காய் எடுத்தாள் என்பதுதான், எத்தனை அசதியிலும் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.