உப்புத் தண்ணீரை உள்ளே விட்டவர்கள்

உதயரூபன் சேரைப் போல வரலாற்றுக்காகக் கோபப்படுகிற மனிதரை நான் கண்டதில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணக்குப் படிப்பிக்கிறேன். அவர் உயர்தர வகுப்புக்கு வரலாறு. ஆசிரியர் அறையில் எங்கள் கதிரைகள் பக்கத்தில் பக்கத்தில். அவர் கத்துவதெல்லாம் முதலில் என் காதில்தான் விழும்.

இந்த வருடம் அவருக்குத் தலைக்கு மேல் கத்தி. வகுப்பில் மொத்தமே ஆறு பேர். தவணைப் பரீட்சையில் நாலு பேராவது சித்தியடையாவிட்டால் வரலாற்று வகுப்பை மூடிவிடுவதாக அதிபர் சொல்லிவிட்டார். மூடினால் பிள்ளைகள் வாவியைத் தாண்டி டவுனுக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். அப்படிப் போக வசதியுள்ள பிள்ளை அந்த ஆறில் ஒன்றுகூட இல்லை.

அவரை வருடாவருடம் வதைப்பது ஒரே பாடம். முதலாம் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜெர்மன் படை பெல்ஜியத்தை முக்கால்வாசி விழுங்கிவிட்டது. மிஞ்சிய பெல்ஜியப் படை கடலோரமாக, ஈசர் என்ற சின்ன ஆற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. பிரிட்டிஷ் கப்பல்கள் கடலில் நின்று குண்டு பொழிகின்றன, போதவில்லை. கடைசியில் ஆற்று முகத்துவாரத்து மதகுகளைக் கடல் பெருகும்போது திறந்து, வற்றும்போது மூடினார்கள். சில நாளில் வயலெல்லாம் கடல். ஜெர்மன்காரன் அந்தத் தண்ணீரைத் தாண்டவே இல்லை.

இதை எங்கள் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? மதகைத் திறந்தார்கள், வெள்ளம் கடலுக்கு வடிந்தது, சனம் தப்பியது. மாரியில் வாவி நிரம்பி வயல்வட்டைகள் மூழ்கினால் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிற ஊர் இது. பிள்ளைகள் வேறு எப்படி எழுதுவார்கள்?

"உள்ள விட்டவங்கடா, உள்ள!" என்று மேசையில் அடிப்பார்.

"வயலுக்குள்ள உப்புத் தண்ணியா சேர்? எந்த விசரன் விடுவான்?" என்று கேட்பார்கள். அவருக்கு இன்னும் ஏறும். பத்துத் தடவை எழுதி வரச் சொல்வார்.

இம்முறை தவணைத் தாளில் அந்தக் கேள்வியே வந்தது. மனிதர் எனக்குத் தேநீரும் வாங்கித் தந்தார். டவுன் ஆசிரியர் ஒருவர் திருத்தி அனுப்பிய பெறுபேற்றில் மூன்று பேர்தான் சித்தி. நாலாவதாக வந்திருக்க வேண்டிய தனுஷியாவுக்கு முப்பத்திரண்டு; இன்னும் மூன்று புள்ளி போதும். அந்தக் கேள்விக்கு அவள் எழுதியது அதே பழைய பதில். வெள்ளம் வடிந்தது.

அவர் அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நூறு தரம் சொன்னேனே மகள். உனக்கு விளங்கல்லயா?"

"விளங்கின சேர்."

"மறுகா ஏன் இப்படி எழுதின?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அப்பாட வயலுக்குள்ள ஒருக்கா கடல் தண்ணி ஏறின சேர். நாலு வருசம் ஒண்டும் விளையல்ல. அவர் மேசன் வேலைக்குப் போனதே அதுக்குப் பிறகுதான். சொந்த வயலுக்கு மனிசரே உப்புத் தண்ணி விட்டாங்க எண்டு எழுதக் கை வரல்ல."

உதயரூபன் சேர் விடைத்தாளை மடித்து வைத்தார். அவளைப் போகச் சொன்னார். பிள்ளையை இப்படிக் கேட்டு வதைத்தாரே என்று எனக்கு அவர்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"பத்தொன்பது வருசம் படிப்பிச்சிட்டேன்," என்றார். "நானும் வயல்காரன்ட பிள்ளை. அந்தச் சனம் அழுதழுதுதான் திறந்திருக்கும் எண்டு ஒரு வருசமும் சொல்லிக் குடுக்கல்லயே. அதைச் சொல்லியிருந்தா இவள் எழுதியிருப்பாள்."

திங்கட்கிழமை புது நேரசூசி வந்தது. வரலாறு இருந்த இடத்தில் என் கணக்கைப் போட்டிருந்தார்கள்.