இடம் மாறும் தோப்பு

முதலமடையில் பதினொரு மாந்தோப்புகளுக்கு ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை. நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன் பேச வராது. வால்வுகளோடு பேச வேண்டியதில்லை என்பதால் இந்த வேலை பிடித்துப்போனது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி, குழாய் இணைப்புகளைப் போனில் பார்க்க ஒரு பக்கம் எழுதித் தந்தான். தொட்டி நீல வட்டம், தோப்புகள் பச்சை வட்டங்கள், குழாய்கள் கோடுகள். தோப்புக்காரர்கள் சங்கத்தில் எல்லோரும் தங்கள் போனில் பார்த்தார்கள்.

மறுநாள் படத்தைத் திறந்தேன். மேலே இருந்த தொட்டி கீழே நின்றது. மூடித் திறந்தால் ஓரத்தில்.

"மாப்ளே, தொட்டி ஓடிட்டே இருக்குது."

"கோடு ஒண்ணுமேல ஒண்ணு உழுகாம புரோகிராமே எடம் பாத்து வெக்கும் மச்சான். எது எதோட சேந்திருக்குதுன்னு மட்டும் பாருங்க."

அப்படி யார் பார்க்கிறார்கள்? கடைசித் தோப்பைக் குத்தகைக்கு எடுத்த பொள்ளாச்சி வியாபாரி போனோடு வந்தார். தோப்புப் பக்கம் அவர் வருவதே அபூர்வம். பிஞ்சு உதிர்கிற நேரம்.

"ஏனுங்க, இதுல பாருங்க, தொட்டியை ஒட்டுனாப்பல என்ர தோப்பு. எனக்கெதுக்குக் கடைசீல தண்ணி? வேண்டியவங்களுக்குத்தான் மொதல்லயா? ஞாயித்துக்கெழம கூட்டத்துல வேற ஆள் வெக்கச் சொல்றனுங்க."

அவர் தோப்புக்குத் தனிக் குழாய், இரண்டு கிலோமீட்டர். மற்ற வால்வுகளை அடைத்தால்தான் அதுவரை தண்ணீர் ஏறும். படத்தில் அந்தக் குழாய் நகத்தளவு. இதைச் சொல்ல வராமல் அடுத்த வால்வைத் திறக்கப் போய்விட்டேன். வேலை போனால் இந்த வயதில் எங்கே போவேன்?

இரண்டு நாள் வெயிலில் நடந்து, ஒவ்வொரு வால்விலும் நின்று போனில் இடத்தைக் குறித்து அனுப்பினேன். மச்சினன் சலித்துக்கொண்டே வட்டங்களை அங்கங்கே அசையாமல் நிறுத்தினான். பக்கத்துத் தோப்புகளின் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"படம் அசிங்கமா இருக்குது மச்சான்."

"இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வியாபாரி படத்தைத் திறந்தார். அவர் வட்டம் மூலையில் தனியாக நின்றது. இனி நான் பேச வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"நேத்துவரைக்கும் பக்கத்துல இருந்த தோப்பை இப்ப எதுக்குங்க இவ்வளவு தூரம் தள்ளி வெச்சீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எரிச்சலில் வாய் திறந்துவிட்டது.

"வண்டிய எடுங்க. குழாயோடயே போயிப் பாத்துட்டு வரலாம்."

யாரோ சிரித்தார்கள். சங்கச் செயலாளர், வேறு ஆள் வைக்கிற பேச்சை விடுங்கள் என்றார். வியாபாரி வெயிலைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க," என்றார். "பழைய படத்தையே போடச் சொல்லுங்க."