தங்கச்சிக்கு ஒரு சோடி தொங்கட்டான்

என் தங்கைக்கு ஐந்து வயதிருக்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கொஞ்சப் போனவளின் ஜிமிக்கியை அது பிடித்து இழுத்துவிட்டது. இடது காதுச் சோணை கிழிந்து தையல் போட்டார்கள். தழும்புக்கு மேலே மறுபடி காது குத்தினாலும், அதற்குப் பிறகு அம்மா அவளைப் பொட்டுக் கம்மலைத் தாண்ட விடவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் பொட்டுக் கம்மல், என் கல்யாணத்துக்கும் பொட்டுக் கம்மல். அந்தக் காதின் மேல் முடியை இழுத்துவிட்டுக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஆத்தூர். சேலை எடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"யக்கா, ரிசப்ஷனுக்கு மட்டும் காதுல ஆடுத மாதிரி ஒண்ணு போடணும். வெயிட்டே இருக்கக் கூடாது. நீ செஞ்சு தாரியா?"

நான் அதுவரை நூலில் பாசிமணி கோத்திருக்கிறேனே தவிர, கம்பியில் தொங்கட்டான் செய்ததில்லை. ஆனாலும் சரி என்றேன். மெல்லிய கம்பி, பொடி முத்து, சேலைக் கரையின் பச்சையில் பாசி எல்லாம் ஆர்டர் போட்டேன். முத்துநகர் என்று ஊருக்குப் பேர். முத்து என்னவோ ஹைதராபாத்திலிருந்து கூரியரில்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் கணவரும் வீட்டில் இருந்தார். ஹார்பரில் கிரேன் வேலை. மாடிப்படியில் சறுக்கி, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். டிவி அலுத்துப்போய், நான் செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பார். கம்பி நுனியைக் குறடால் வளைத்து வளையம் போட்டு முத்தைத் தொங்கவிட்டால், கொஞ்ச நேரத்தில் வளையம் வாயைத் திறந்துவிடும். முத்து உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடும். நான் தவழ்ந்து போய்ப் பொறுக்குவேன்.

"ஏளா, வளையத்தப் போட்டுட்டு மிச்சக் கம்பிய அதுங் கழுத்துலயே ரெண்டு சுத்து சுத்து. ஹார்பர்ல நாங்க அப்படித்தான் கட்டுவோம்."

"கிரேன்ல கட்டுத கம்பியும் இதுவும் ஒண்ணா?"

"நீ சுத்திப் பாரு."

சுற்றினேன். வளையம் அசையவில்லை. இன்னொரு குறடை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவருடைய தடித்த விரல்களுக்குள் பொடி முத்து இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியாது. அவர் செய்த முதல் தொங்கட்டான் தோளைத் தொட்டது. பிறகு எல்லா வளையமும் ஒரே அளவில் வருவதற்காக, கம்பியைப் பேனா ரீஃபிலில் சுற்றினோம். இடது காதுக்கு அவர், வலது காதுக்கு நான். ஒவ்வொரு முத்து கோத்ததும் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். ஒன்று இறங்கியிருந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து சிரித்ததில்லை.

முடித்த அன்று அம்மா வந்தாள். பார்த்ததும் முகம் சுருங்கியது.

"எதாவது பிள்ள புடிச்சு இழுத்துட்டுன்னா?"

என் கணவர் தான் போர்த்தியிருந்த துண்டின் ஓரத்தில் தொங்கட்டானை மாட்டி நீட்டினார். "அத்த, நீங்களே இழுத்துப் பாருங்க."

அம்மா இழுத்தாள். பின்னால் பூட்டு இல்லாத கொக்கி. நூல்கூடச் சிக்காமல் வழுக்கிக் கையோடு வந்தது. அவளே மாட்டி மறுபடி இழுத்தாள். இன்னொரு தடவையும் இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

"சரி, போடட்டும்."

ரிசப்ஷனன்று தங்கை அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இடது காதின் மேல் கிடந்த முடியை எடுத்துப் பின்னால் விட்டாள். மேடையில் யார் வந்தாலும் தலையை ஆட்டி ஆட்டித்தான் பேச்சு. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "மேடம், கொஞ்சம் ஆடாம நில்லுங்க" என்றார்.

"அவ ஆடட்டும்ணே, நீங்க எடுங்க" என்றார் மாப்பிள்ளை.

என் கணவர் ஊன்றுகோலோடு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் வந்து உட்காருகிற எல்லோரிடமும், "எடது காதுல கெடக்கது நான் செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை அதைக் கேட்டுவிட்டு, தனக்கும் சிவப்புப் பாசியில் ஒரு சோடி வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார், "அதுக்கென்ன, செஞ்சிரலாம்."