ஆறக்கூடாத புட்டு

எங்கள் பரம்பரையில் எனக்கு முன்னர் யாரும் எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை. ஆகவே நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எழுத எங்கள் கடற்கரைக் கிராமமான சல்லியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் போக வேண்டி வந்தபோது, வீட்டில் என்ன ஆயத்தம் செய்வது என்று கேட்டறிய ஆள் இல்லை. அம்மாவே தன் அறிவுக்கு எட்டியபடி எல்லா ஒழுங்கையும் செய்தார்.

முதலாவது ஒழுங்கு, விரதம். நான் பேனையைக் கீழே வைக்கும்வரை எச்சிலும் விழுங்குவதில்லை என்று ஊர் அம்மனிடம் நேர்ந்துகொண்டார். அப்பாவுக்கு இது விளங்கவில்லை.

“படிச்சது அவன். பட்டினி கிடக்கிறது நீயோ?”

“அவனுக்குத் தெரிஞ்சதை அவன் செய்யிறான். எனக்குத் தெரிஞ்சதை நான் செய்யிறன்” என்றார் அம்மா.

இரண்டாவது ஒழுங்கு, புட்டு. வெறும் வயிற்றோடு பஸ்ஸில் போனால் எனக்குக் குமட்டிச் சத்தி வரும். விடியவே சாப்பிடச் சொன்னால் தொண்டைக்குள் இறங்காது. ஆறின புட்டோ வயிற்றில் கல்லுமாதிரிக் கிடக்குமாம். கல்லைச் சுமந்துகொண்டு கணக்குச் செய்ய ஏலாதாம். ஆகவே புட்டை அவித்த குழலோடேயே கொண்டுபோய், பரீட்சை மண்டபத்து வாசலில் ஆவி பறக்கத் தள்ளித் தருவது என்று தீர்மானித்தார்.

எங்கள் புட்டுக்குழல் மூங்கில் அல்ல. மூங்கில் வெடித்துப்போனபின், கடற்கரையில் ஒதுங்கிய ஒரு சாம்பல்நிற அலுமினியக் குழாயை அப்பா முழ நீளத்துக்கு அறுத்துத் தந்திருந்தார். அதன் இரு முனைகளையும் சிரட்டைத் துண்டால் அடைத்து, சீலைத்துணி சுற்றி, வலை பின்னும் தங்கூசி நூலால் இறுகக் கட்டினார் அம்மா. டோர்ச் பற்றரியே கொண்டுபோக விடாத யுத்தகாலத்தில் அந்தப் பொருள் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கு அது புட்டுக்குழல்.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் எங்கள் முறை வந்தது. மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் அம்மாவின் பைக்குள் கைவிட்டான். குழல் சுட்டது. கையை இழுத்துக்கொண்டு சிங்களத்தில் கத்தினான். அவன் சொன்னது வரிசைக்கு மொழி தெரியாமலே விளங்கியது. எல்லோரும் நிலத்தில் படுத்தார்கள். கொய்யாப்பழம் விற்கப் போனவர் மட்டும் கடகத்தைத் தலையில் வைத்தபடியே குந்தினார். நின்றவர்கள் அம்மாவும் நானும்தான். அம்மா குழலைக் கைக்குழந்தைபோல நெஞ்சோடு அணைத்திருந்தார்.

“அம்மா, அது கீழ வை” என்றான் சிப்பாய், துவக்கை நீட்டி.

“கீழ வைச்சா ஆறிப்போகும் தம்பி. பிள்ளைக்குச் சோதனை.”

சொல்லிக்கொண்டே தங்கூசியை அவிழ்த்து, பையிலிருந்த வாழையிலையை விரித்து, அகப்பைக் காம்பால் தள்ளினார். புட்டு உடையாமல், தேங்காய்ப்பூ வரிசை கலையாமல், ஆவியோடு வெளியே வந்தது. இளம் சிப்பாயின் முகம் இளகிவிட்டது. அவன் வீட்டிலும் புட்டு அவிப்பார்கள்போல. பக்கத்தில் நின்ற, அவனுக்கு மேலானவர் இளகவில்லை. சாப்பிட்டுக் காட்டு என்று சைகை செய்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கிள்ளுக் கிள்ளி வாயில் போட்டு விழுங்கினார். மேலானவர் மற்ற முனையைக் காட்டினார். அதிலும் கிள்ளி விழுங்கினார்.

“உப்புக் கொஞ்சம் குறைவு” என்றார், வேறு யாரோ அவித்ததுபோல.

நான் குழறி அழத் தொடங்கினேன். துவக்குக்குப் பயந்து அழுகிறேன் என்று நினைத்து, இளம் சிப்பாய் அதை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டான். எனக்குத் துவக்கு ஒரு பொருட்டில்லை. விரதம் முறிந்துவிட்டது, அதுவும் இரண்டு முனையிலும். இனி நான் பெயில்தான்.

இதற்குள் பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது. பரீட்சைக்கு நேரம் நெருங்கியது. இளம் சிப்பாய்தான் நகரத்துக்குப் போன மீன் லொறி ஒன்றை மறித்து ஏற்றிவிட்டான். ஆறவே கூடாத புட்டோடு ஐஸ் பெட்டிகளின்மேல் குந்திக்கொண்டு போனோம்.

“அம்மா, அம்மன் இனி என்னைப் பாஸ் பண்ண விடமாட்டா.”

“அவவோட நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ ஆறமுதல் தின், மகன்.”

தின்றேன். சூடாகத்தான் இருந்தது. சத்தி வரவில்லை, கணக்குகள் வந்தன, பாஸும் பண்ணினேன். அன்று காலை அம்மன் கடல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. லொறியில் நான் தின்ற மிச்சப் புட்டைத் திரும்பக் குழலுக்குள் இட்டுக் கட்டும்போது, அம்மாவால் தங்கூசியை முடிச்சுப் போட முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலைக் கிழிசல் பொத்துகிற விரல்கள் அவை. நூல் வழுக்கி வழுக்கி விழுந்தது. ஐஸ் குளிர் என்றார். நானே குழலை வாங்கி, பெரிய மனிதன்போல இறுக்கிக் கட்டி அவர் மடியில் வைத்தேன். இவ்வளவு சூட்டை மடியில் வைத்திருப்பவருக்கு எப்படிக் குளிரும் என்று மண்டபத்து வாசல்வரை யோசித்துக்கொண்டு போனேன்.