நாலு மணிச் சங்கும் கட்டுத்துணியும்

போன வாரம் என் வீட்டுக்காரர் சைக்கிளில் இருந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார். தலை முழுக்க நரைத்த பிறகும் ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டுகிற பழக்கம் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் கட்டுத்துணி கேட்டேன். கடைக்காரர், “இருங்கக்கா, செத்த நேரத்துல எடுத்துட்டு வாரேன்” என்று உள்ளே போனார். போனவர் போனவர்தான். கால் மாற்றி மாற்றி நின்றவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் மருந்துச் சீட்டோடு நின்ற அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். தனியாகச் சிரிக்கிற பொம்பிளையிடம் யார்தான் ஒட்டி நிற்பார்கள்?

ஒரு வழியாகத் துணி வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் சின்னதாக, கல்லுப் போல. வீட்டுக்கு வந்து பிரித்ததும் முதலில் மூக்கில்தான் வைத்தேன். ஒரு வாசனையும் இல்லை.

“புண்ணுக்கு வாங்குனியா, மோந்து பாக்க வாங்குனியா?” என்றார் இவர்.

எங்கள் காலத்துக் கட்டுத்துணிக்கு வாசனை உண்டு. சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் நெய்து, வெளுத்து, வெயிலில் காயப்போட்டு, பெரிய கட்டாக எங்கள் நர்சிங் ஹோமுக்கு வரும். கட்டைப் பிரித்தால் வெளுப்பு மருந்து நெடியும் வெயில் வாசனையும் சேர்ந்து அடிக்கும். அதை நாங்களே நீளநீளமாக வெட்டிச் சுருட்டி, மூடி போட்ட டப்பாவில் அடுக்கி, இட்லி மாதிரி ஆவியில் வேகவைப்போம். சுருட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி முனையை இழுத்துப் பிடிக்க, இன்னொருத்தி தொடையில் வைத்து உருட்டிக்கொண்டே வரவேண்டும். பிடிக்கிறவள் கொஞ்சம் அசந்தால் போச்சு, சுருள் தொளதொளத்து நடுவில் கோபுரம் மாதிரி பிதுங்கிவிடும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. துணி பேசிக்கொள்ளும்.

அது ராஜபாளையத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். கீழே காய்ச்சல், பிரசவம், மில்லில் கை நசுங்கியவர்கள். மாடியில் மட்டும் மனசுக்கு முடியாத பெண்களுக்குச் சில கட்டில்கள். நான் பத்தாவது முடித்துவிட்டு, செட்டியார்பட்டியில் இருந்து டவுன் பஸ்ஸில் போய் நர்சுக்கு உதவியாகச் சேர்ந்தேன். என்னை மாடிக்கு அனுப்பினார்கள். “இவ அதிர்ந்து பேச மாட்டா, அங்கதான் லாயக்கு” என்று டாக்டர் சொன்னாராம். பாராட்டா, கழித்துக் கட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

மாடிக்குப் பொறுப்பு மேரி சிஸ்டர். என்னைவிட நாலைந்து வயசுதான் மூப்பு. நாசரேத் பக்கத்துக்காரி. குள்ளம், குரல் மட்டும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

அங்கேதான் கோமதி இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஞ்சு வியாபாரம் செய்கிறவருடைய மகள். அம்மா இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்து ஒரு வருசத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், எங்களைவிட அழகாகத் தலை சீவுவாள். ஆனால் தன்னை யாரோ விட்டுப் போகிறார்கள் என்று தோன்றிவிட்டால் தன் கையையே அறுத்துக்கொள்வாள். மதுரையில் இருந்து வாரம் ஒருமுறை வருகிற மனநல டாக்டர் அதற்கு ஆளுமைக் கோளாறு என்று பேர் சொன்னார். ஊரில் அதற்கு இருந்த ஒரே பேர் திமிர். டவுன் பஸ்ஸில் என்னிடம் கேட்பார்கள்: “அந்தப் பிள்ளைக்குக் கோட்டியா?” பைத்தியமெல்லாம் இல்லை என்பேன். “பொறவு எதுக்கு அங்க கெடக்கா? நாலு அறை வச்சா சரியாப் போகும்.” நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

சேர்ந்த முதல் வாரமே கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி, நீதான் தங்கம். அந்த மேரி சிஸ்டர் இருக்காளே, அரக்கி” என்றாள். என்னை அதுவரை யாரும் தங்கம் என்று சொன்னதில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டேன். “ஊமைக்கோட்டான்! கண்ணு முன்னால நிக்காத!” தங்கம் ஒரே ராத்திரியில் பித்தளை ஆகிவிட்டது.

மேரி சிஸ்டர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முறை மாறும்போது போகிறவர்களும் வருகிறவர்களும் தனியாக ஒதுங்கிப் பேசக்கூடாது. கோமதியின் கட்டிலைச் சுற்றி நின்று, அவள் கேட்கவே எல்லாம் பேசவேண்டும்.

“இன்னிக்கு நான் அரக்கி. நீ?”

“தங்கம், சிஸ்டர்.”

“சந்தோசப்பட்டுக்க. நாளைக்கு மாறிரும். என்ன கோமதி, சரிதான?”

முதலில் கோமதி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். போகப் போக உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள். பிறகு அவளே, “சிஸ்டர், இன்னிக்கு யாரும் அரக்கி இல்ல, சமையல்காரர்தான் அரக்கன். சாம்பாரு அப்பிடி” என்று சொல்ல ஆரம்பித்தாள்.

கையை அறுத்துக்கொண்ட நாளில் சிஸ்டர் அய்யோ என்றும் சொல்லமாட்டார், திட்டவும் மாட்டார். தண்ணீர், மருந்து, கட்டு, முடிந்தது. ஒன்றும் நடக்காத நாட்களில்தான் பக்கத்தில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு வைக்கிற விதத்தை வளவளவென்று பேசுவார். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்டேன்.

“புண்ணு இருக்கிறப்பத்தான சிஸ்டர் கூட இருக்கணும்?”

“புண்ணு வந்தாத்தான் நாம வருவோம்னு அவளுக்குப் படக்கூடாது பாத்துக்க. அம்புட்டுதான்.”

இப்போது மெடிக்கல் ஷாப்பில் வந்த சிரிப்புக்கு வருகிறேன். கோமதியின் அப்பா ஒரு தடவை பார்க்க வந்தவர், “செத்த நேரத்துல வாரேன்மா” என்று கீழே இறங்கினார். அடுத்த வாரம்தான் வந்தார். நம் பக்கத்துச் செத்த நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஒரு வெற்றிலை போடுகிற நேரமும் அதுதான், ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிற நேரமும் அதுதான். யாரும் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் கோமதி கதவைப் பார்த்தபடியே இருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கையில் கட்டுப் போட வேண்டியதாயிற்று. மறுநாளே சிஸ்டர் மாடியில் அந்தச் சொல்லுக்குத் தடை போட்டார். எப்போது வருவோம் என்று தெரிந்தால் சொல்லு. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு.

சொல்வது சுலபம். வாய் கேட்கவேண்டுமே! “டீ எப்ப வரும்?” என்று யாராவது கேட்டால் “செத்...” என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வோம். கடைசியில் மில் சங்குதான் கை கொடுத்தது. அப்போது ராஜபாளையத்தில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் சோறு பொங்குவது, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம். “காலைச் சங்குக்கு வாரேன்”, “நாலு மணிச் சங்குக்கு டீ” என்று சொல்லப் பழகினோம். சங்கு ஊதும்போது சொன்ன ஆள் கதவில் நிற்கவேண்டும். கோமதி அடங்கியது மாத்திரையால் பாதி, சங்கால் பாதி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் சிஸ்டர் தம்பி கல்யாணத்துக்காக ஊருக்குப் போகவேண்டி வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் கோமதியின் அப்பா வந்து கண்டிப்பும் கறாருமாகச் சொல்லியிருந்தார்: “இன்னொரு தடவை இவ கைய அறுத்துக்கிட்டான்னா நான் கூட்டிட்டுப் போயிருவேன். சங்கிலி போட்டு வைக்கிற இடம் ஒண்ணு சொல்லியிருக்காக. அங்க அடங்குவா.” அவரைக் குறை சொல்வதற்கில்லை. மனுசர் சோர்ந்து போயிருந்தார். ஆனால் அந்த இடத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் கிளம்பும்போது கோமதியின் கட்டிலருகில் நின்று, “போயிட்டுத் திங்கக்கிழமை நாலு மணிச் சங்குக்கு வாரேன். அதுவரைக்கும் இவ இருப்பா” என்று என்னைக் காட்டினார். கோமதி என்னை மேலும் கீழும் பார்த்து, “இந்த ஊமையா?” என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

நாட்கள் ஓடிவிட்டன. இரண்டு நாள் தங்கம், ஒரு நாள் ஊமைக்கோட்டான், நல்லபடியாகத்தான் போனது. திங்கட்கிழமை கோமதி தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டு மத்தியானம் முதலே ஜன்னலில் நின்றாள். நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். டீ ஆறியது. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தது. சங்கு ஊதவில்லை. மில்லில் அன்று ஏதோ வேலைநிறுத்தம் என்று கீழே இருந்து யாரோ சொன்னார்கள். சிஸ்டரையும் காணோம். நான் டீ டம்ளரை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் ஜன்னலில் கோமதி இல்லை. மேசையில் கத்தரிக்கோலும் இல்லை. துணி வைக்கிற சின்ன அறையின் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கலாம். உடைத்தால் அவள் அப்பா காதுக்குப் போகும். உடைக்கிற சத்தத்துக்குள் அவள் என்ன செய்வாளோ? துணி கிழிக்க வந்த இன்னொரு பெண்ணுக்குக் கையால் சைகை காட்டிக் கீழே டாக்டரிடம் ஓடச் சொல்லிவிட்டு, நான் கதவோரம் தரையில் உட்கார்ந்தேன்.

“ஊதல பாத்தியா?” என்றாள் உள்ளேயிருந்து. “எல்லாரும் ஒண்ணுதான். சிஸ்டர் வருவாளா, மாட்டாளா? சொல்லு!”

செத்த நேரத்துல வந்துருவாக. நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. விழுங்கினேன்.

“எனக்குத் தெரியாது கோமதி. நான் கடைசி பஸ் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்கு மேலயும் இருக்கணும்னா எங்க வீட்டுக்கு ஆள் சொல்லி விட்டுருவேன்.”

அதற்கு மேல் என்ன பேசுவது? பக்கத்தில் வெட்டிப் போட்ட துணி கிடந்தது. அதன் முனையைக் கதவுக்கு அடியில் இருந்த சந்தில் தள்ளினேன்.

“முனையப் பிடி. சுருட்டணும். ஒத்த ஆளால முடியல.”

துணி அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல இழுபட்டது. விறைத்து நின்றது. நான் உருட்ட ஆரம்பித்தேன். ஒரு துணி முடிந்ததும் அடுத்ததைத் தள்ளினேன். டாக்டர் மாடிப்படி ஏறி வந்தவர், என்னையும் கதவையும் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து ஒரு குரல்: “ஏட்டி, தொளதொளன்னு சுத்தாத. இறுக்கு.” அதன் பிறகு கதவுக்கு அடியில் கத்தரிக்கோல் பிடிப் பக்கமாக வெளியே வந்தது.

விளக்குப் போடுகிற நேரத்தில் மேரி சிஸ்டர் பையும் பலகாரமுமாக மூச்சு வாங்க ஏறி வந்தார். சங்கரன்கோவிலில் பஸ் பழுதாகி நின்றுவிட்டதாம். “கோமதி, நாலு மணிக்கு வாரேன்னேன், வரல. பஸ் நின்னு போச்சு. வந்துட்டேன்.” தாழ் திறந்தது. கோமதியின் கை இரண்டும் சுத்தமாக இருந்தன. “அரக்கி” என்று அழுதுகொண்டே சிஸ்டரைக் கட்டிக்கொண்டாள். நான் சுருளை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு இறுக்கமாக அதற்கு முன்னும் சுற்றியதில்லை, பின்னும் சுற்றியதில்லை.

சங்கிலிப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன், இடையில் கஷ்டமான நாட்களும் இருந்தன. ஆனால் ஒரு பொங்கலுக்கு முன்னால் கோமதி சித்தி வீட்டுக்குப் போனாள், தையல் கற்றுக்கொண்டாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு கடைத்தெருவில் பார்த்தேன். “இன்னும் பேச மாட்டியா ஏட்டி?” என்றாள். கோபமெல்லாம் வருமா என்று கேட்டேன். “வரும். செத்த நேரத்துல...” என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தோம்.

அந்த நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மேரி சிஸ்டர் ஊரோடு போய்விட்டார். கட்டுத்துணியை யாரும் கையால் சுருட்டுவதில்லை. அந்த மில்லையும் மூடிவிட்டார்கள், சங்கும் நின்றுவிட்டது.

நேற்று நான் கிளம்பும்போது, “நாலு மணிக்கு வந்துருவேன்” என்று இவரிடம் சொன்னேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, “ஆமா, சங்கு ஊதப் போகுதாக்கும்” என்று கேலி செய்தார்.

ஊதாதுதான். நான் நாலு மணிக்குக் கதவில் நின்றேன்.