ரிஜிஸ்டர் அவுட்

வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களிடம் எனக்கு இருந்த மரியாதை ஒரே காலையில் போயிற்று.

எங்கள் நாய்க்கு ஒன்பது வயதில் மூத்திரம் அடைத்துக்கொண்டது. காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சொட்டுச் சொட்டாக ரத்தம்தான் வரும். சிவகாசியில் பார்த்த மருத்துவர், மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, புற்றா வெறும் வீக்கமா என்று தெரிய வேண்டும் என்றார். விருதுநகர்ப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் புது மெஷின் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அச்சகத்தில் தீபாவளி சீசன் வேலையை விட்டுவிட்டு, நானும் மனைவியும் நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். வழக்கமான ஸ்கேன் சத்தத்தை அனுப்பி, எதிரொலியை வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் போடும். இதில் கூடவே லேசர் வெளிச்சமும் போகும். வெளிச்சம் பட்ட ரத்தம் துளி சூடாகிச் சன்னமாக ஒரு சத்தம் போடும். அதைக் கேட்டுச் சிவப்பில் இன்னொரு படம். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால், ரத்தம் எங்கே கூடியிருக்கிறது என்று தெரியும். கோளாறெல்லாம் அதை வைத்திருந்த மருத்துவ மகானுபாவரிடம்தான்.

எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"கட்டி சுரப்பியைத் தாண்டி வெளியே பரவிடுச்சு. வெச்சிருந்தா அதுக்குத்தான் வேதனை. ஊசி போட்டுடலாம்."

சம்மதக் காகிதத்தை நீட்டினார். பெரிய படிப்புப் படித்தவர் சொல்கிறாரே என்று நானும் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். மனைவி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டுட்டீகளே, நெஞ்சுல ஈரமே இல்லையா?"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். சுரீரென்றது. நாயின் தோல் இரண்டு கோடாகத் தெரிந்தது. கறுப்பு வெள்ளையில் ஒன்று. அதற்குக் கீழே தனியாகச் சிவப்பில் ஒன்று. இருபத்தாறு வருஷமாக ஆஃப்செட் அச்சகத்தில் பட்டாசு லேபிள் ஓட்டுகிறவன் நான். நிறம் நிறத்தின்மேல் சரியாக உட்காராவிட்டால் அதை ரிஜிஸ்டர் அவுட் என்போம்; லேபிளில் சிரிக்கிற பெண்ணின் உதட்டுச் சிவப்பு தாடையில் போய் விழும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அந்த ஷீட்டைக் கிழித்துப்போடுவான்.

"சார், ரிஜிஸ்டர் அவுட்டா இருக்கு," என்றேன்.

அவர் உதவியாளப் பெண்ணைப் பார்த்தார். "ஏம்மா, இவங்க பேரை ரிஜிஸ்டர்ல எழுதலையா?"

அடப்பாவி!

"நோட்டு இல்ல சார், படம்! செவப்பு கீள எறங்கி நிக்குது. ஒரு தோலுக்கு எப்படி ரெண்டு கோடு?"

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. நாய்க்கு ஒரு தோலுன்னு அதுலயே சொல்லிக் குடுத்துட்டாக."

உதவியாளப் பெண்தான் மெல்லச் சொன்னாள்: "சார், இமேஜ் ரிஜிஸ்ட்ரேஷனைச் சொல்றாக." அவர்கள் படிப்பிலும் அதற்கு அதே பெயர்தானாம்! அவள் செட்டிங்கைத் திறந்தாள். வெளிச்சம் போன நேரத்துக்கும் சத்தம் வந்த நேரத்துக்கும் இடையில் வைத்திருந்த கணக்குத் தப்பு. திருத்தியதும் இரண்டு தோலும் ஒன்றாயின. வெளியே பரவிய கட்டி என்று அவர் சொன்ன சிவப்புத் திட்டு மேலேறிச் சுரப்பிக்குள் அடங்கியது.

சதை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை என்று மறுவாரம் தெரிந்தது. வயதான ஆண் நாய்களுக்கு வருகிற வீக்கம்தான். விதையை எடுத்ததும் வற்றிவிட்டது.

அன்று அந்த மனிதர் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. "சின்ன டெக்னிக்கல் அட்ஜஸ்ட்மென்ட்" என்றார். அவர் கண்முன்னாலேயே என் கையெழுத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது.

"இந்தக் கணக்கு எப்ப இருந்து தப்பா இருக்கு?"

"நேத்து சாயந்தரத்துல இருந்துண்ணே," என்றாள் அந்தப் பெண். குரல் இறங்கிவிட்டது. "காலையில உங்களுக்கு முந்தி ஒருத்தர் நாயைக் கொண்டாந்தாரு. சாத்தூர்க்காரரு. அவரும் கையெழுத்துப் போட்டாரு."

"அந்த நாய் எங்கம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"வெறும் சங்கிலியோட பஸ் ஏறிட்டாருக்கா."

மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நாயைக் கூப்பிடச் சொன்னார்.