மூன்று முக்கோணப் படிகள்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடி அறை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வீடுகளுக்குப் பிளான் போட்ட ஆர்க்கிடெக்டுகள் முப்பத்திரண்டு பேருக்கு அதுதான் சங்கம். கீழே டைப் அடிக்கும் சத்தம், மேலே டைல்ஸ் கம்பெனிக்காரரின் பேச்சு. மாதம் ஒரு வகுப்பு. வந்தவரின் கார்டில் ஒரு முத்திரை. வருடத்தில் எட்டு முத்திரை சேர்ந்தால், தொடர்ந்து படிக்கிறார் என்று சங்கம் ஒரு சான்றிதழ் தரும். அதை ஆபீஸில் கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் உண்டு. முத்திரை விழுந்ததும் போண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைப்பவர்கள் அவர்களைவிட அதிகம்.

முத்திரை குத்தியவர் ஜெயசீலி. சங்கத்தின் கல்விச் செயலாளர், முப்பத்திரண்டு பேரில் ஒரே பெண். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவரின் மகள். கல்லூரி முடித்து, அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மேல் ஒற்றை வரைபலகையோடு ஆபீஸ் போட்டார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர்கள். பி.எஃப். கடன் வாங்கி, அரை கிரவுண்டு வாங்கி, அதில் மூன்று படுக்கையறையும் பூஜையறையோ ஜெபஅறையோ ஒன்றும், மாடியும் கேட்பவர்கள். ஜெயசீலி எல்லாவற்றையும் அடக்கிவிடுவார். சங்கத் தலைவர் சண்முகசுந்தரம் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “வாங்க, அரை கிரவுண்டு அரண்மனை” என்பார். ஜெயசீலிக்கு அது பிடித்திருந்தது.

1992 ஜூன் கூட்டத்தில் ஒழுகல் தடுப்புக் கம்பெனிக்காரர் பேசி முடித்தபோது ஒன்பது பேர் மிச்சம். ஜெயசீலி எழுந்து, அடுத்த மாதம் கம்பெனி எதுவும் வராது என்றார். நாமே பேசப்போகிறோம். நாம் கட்டியதில் எது தப்பாகப் போனதோ, அதை அந்தப் பிளானை மாட்டி வைத்துக்கொண்டு சொல்லவேண்டும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டிருக்கவேண்டும். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது.

“யோசனை நல்லாதான் இருக்கு. தப்பே பண்ணாதவங்க என்ன பண்றது?” என்றார் சண்முகசுந்தரம்.

“போண்டா மட்டும் சாப்ட்டுட்டுப் போலாம், சார்.”

சிரித்தார்கள். முதலில் யார் என்று தலைவர் கேட்டதும் எல்லோரும் டீ கிளாஸுக்குள் பார்த்தார்கள்.

“நானே சொல்றேன்” என்றார் ஜெயசீலி.

காட்டுப்பாக்கத்தில் அவர் பிளான் போட்ட வீட்டில் ஒரு குளியலறை இருந்தது. தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் ஓடியது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், சொன்னால் சிரித்துக்கொண்டே சரி என்பார். அதைச் சொல்லிவிடலாம் என்று ஜெயசீலி முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமை சைட்டில் மேஸ்திரி வேம்புலியிடம் அதைச் சொன்னார். பத்து வருடமாக அவருடைய வீடுகளைக் கட்டுகிறவர் வேம்புலி.

“அது உன் தப்பா? அது நான் பூசுனதுல வந்த கோளாறு, யம்மா” என்றார் வேம்புலி, கரண்டியைக் கழுவிக்கொண்டே. “உன் தப்பு சேக்காட்ல கீது.”

ஜெயசீலி கையிலிருந்த பிளானைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“பாஸ்கல் ஊட்டுப் படிக்கட்டு. நாந்தான கட்னேன். அன்னிக்கு பெட்ஷீட்டு ஒரு முனை என் கைலதான் இருந்துச்சு. நீ கீழ நின்னுகினு பாத்துகினு இருந்த.”

சேக்காட்டு வீடு 1985இல் கட்டியது. பாஸ்கல், ரோஸி என்ற தம்பதி. ஜெயசீலி போகும் அதே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். ஞாயிறுதோறும் எட்டு மணிப் பூசையில் பார்த்துப் பழகியவர்கள். இருபதடி அகல மனை. சமையலறை பெரிதாக வேண்டும் என்றார்கள். ஜெயசீலி படிக்கட்டை இரண்டரை அடி அகலத்துக்குச் சுருக்கினார். திரும்பும் இடத்தில் வழக்கமாக வரும் சமதளத்தை எடுத்துவிட்டு, அங்கேயே மூன்று முக்கோணப் படிகளை வைத்து வளைத்தார். இடம் மிச்சமானது. சமையலறை வந்தது. குடி போன அன்று பீரோ படியில் ஏறவில்லை. கயிறு கட்டி வெளியிலிருந்து பால்கனி வழியாக ஏற்றினார்கள். பாஸ்கல் தெருவில் நின்று கைதட்டினார். பிறகு பால்கனிக்குக் கம்பி போட்டு மூடினார்கள்.

1989இல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மாடி அறையில் பாஸ்கலுக்கு மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. உடலைக் கீழே ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்ட்ரெச்சர் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். கடைசியில் பெட்ஷீட்டில் சுற்றி, நாலு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து, மடக்கி இறக்கினார்கள். மூன்றாவது முக்கோணப் படியில் பாஸ்கலின் கால் சுவரில் இடித்தது. ரோஸி மேலே நின்றிருந்தார். கீழே நின்ற ஜெயசீலி அவர் முகத்தைப் பார்த்தார். அடக்கப் பூசைக்கும் ஜெயசீலி நிற்கவில்லை, கல்லறைத் தோட்டத்துக்கும் போகவில்லை. அந்த ஞாயிறிலிருந்து ஆறு மணிப் பூசைக்கு மாறிக்கொண்டார். மூன்று வருடம். சேக்காட்டுக்குள் போகும் வேலை எதையும் எடுக்கவில்லை.

வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும் என்று விதி எழுதியதே அவர்தான். ரோஸியிடம் போகவேண்டும், இல்லையென்றால் காட்டுப்பாக்கம் குளியலறையைச் சொல்லிவிட்டு வேம்புலியின் முகத்தைத் தினமும் பார்க்கவேண்டும்.

ஜூலை முதல் ஞாயிறு எட்டு மணிப் பூசைக்குப் போனார். முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்றார். ரோஸி படியிறங்கி வந்து, முக்காட்டை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

“என்ன சீலி, ஆறு மணிச் சாமியாருக்கு உடம்பு சரியில்லையா?”

“உங்களப் பாக்கத்தான் வந்தேன், அக்கா.”

“மூணு வருஷமா இந்தப் பக்கம் ரோடு போட்டுகிட்டு இருந்தாங்களா, இல்ல வழி தெரியாம இருந்தியா?”

ஜெயசீலி விஷயத்தைச் சொன்னார். சங்கம், வகுப்பு, பிளானை மாட்டி வைத்துச் சொல்வது. பெயர் சொல்லமாட்டேன் என்றார். நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றார். ரோஸி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“படியில எறக்கினது மோசம்தான். அத நான் மறக்கல. ஆனா மண்ணு போடும்போது நான் உன்னத் தேடினேன். வீடு கட்டறப்ப தினம் உன்கூடச் சண்ட போட்டு, தினம் உனக்கு டீ வாங்கிக் குடுத்த மனுஷன். நீ ஒரு பிடி மண்ணு போட்டிருக்கலாம்.”

“என்னால அங்க நிக்க முடியல, அக்கா.”

“எனக்கு மட்டும் முடிஞ்சுதா?” ரோஸி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “சொல்லு. ஆனா நானும் வருவேன். என் முன்னாடி சொல்லு.”

ஜூலை இரண்டாவது சனிக்கிழமை இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டைல்ஸ் கம்பெனியா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வீட்டுக்காரம்மா என்று தெரிந்ததும் பின்வரிசைப் பேச்சு நின்றது.

ஜெயசீலி பிளானை மாட்டினார். கம்பெனிக்காரர்கள்போல எதையும் அழகாகச் சொல்லத் தெரியவில்லை. அகலம், உயரம், எத்தனை படி, எங்கே திருப்பம் என்று சொன்னார். பீரோ ஏறாத நாளைச் சொன்னார். அன்றே தனக்குப் புரிந்திருக்கவேண்டும், எல்லோரோடும் சேர்ந்து தானும் சிரித்ததாகச் சொன்னார். பிறகு செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். கால் இடித்த படியைக் குச்சியால் காட்டினார்.

ஒருவர் மெதுவாகக் கேட்டார். “மேடம், வீட்டுக்காரர்தானே கிச்சன் பெருசா கேட்டார்? நாம என்ன செய்ய முடியும்?”

“அவரு கேக்கல. நான் கேட்டேன்” என்றார் ரோஸி, உட்கார்ந்தபடியே.

“நீங்க கேட்டீங்க. படிக்கட்டச் சுருக்கினா வரும்னு நான்தான் சொன்னேன், அக்கா. வராதுன்னு சொல்லியிருக்கணும்” என்றார் ஜெயசீலி.

சண்முகசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அயனம்பாக்கத்துல நானும் இதே மாதிரி வளைச்சிருக்கேன். மாடியில ஒரு அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. நாளைக்கே போய்ப் பாக்கறேன்.”

இன்னொருவர், தன்னுடையது திருமுல்லைவாயிலில் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு பேச்சு கடகடவென்று வந்தது, வகுப்பு என்பதே மறந்துபோய் ஆளுக்கொரு பேப்பரில் வரைய ஆரம்பித்தார்கள். பிளானிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி வேண்டும் என்றார் ஜெயசீலி. ஸ்வீட் பாக்ஸ் மூடியைக் கத்தரித்தார். ஐம்பதில் ஒரு பங்கு அளவில் நாலு சென்டிமீட்டர் நீளம், ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலம். படுத்திருக்கும் ஒரு மனிதர். படுக்கையறையிலிருந்து தெரு வரை அந்த அட்டையைப் பிளான்மேல் தள்ளிக்கொண்டு வரவேண்டும். எங்கே மாட்டுகிறதோ அங்கே கோட்டை மாற்றவேண்டும். எல்லோரும் ஒன்று வெட்டிக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று பேச்சு வந்தபோது ஜெயசீலி ரோஸியின் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“அவர் பேர வைக்கலாமா, அக்கா? வேணாம்னா வேணாம்.”

ரோஸி கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

“வைங்க. அவரு எந்தச் சங்கத்துலயும் மெம்பர் ஆனதில்ல. யூனியன்லகூட வேணாம்னுட்டாரு.”

கூட்டம் கலைந்தது. முத்திரை குத்த அன்று யாருக்கும் நினைவு வரவில்லை. ரோஸி மட்டும் பிளான் மாட்டியிருந்த பலகை முன்னால் நின்றார். ஒரு அட்டையை எடுத்து, மாடி அறையில் வைத்து, ஒரே விரலால் தள்ளினார். கதவு தாண்டியது. இரண்டாவது முக்கோணத்தில் முனை சுவரில் முட்டி நின்றது. விரலை எடுக்கவில்லை.

“இப்ப இத எப்படித் திருப்புவ?”

ஜெயசீலி பென்சிலை எடுத்தார். மூன்று முக்கோணங்களையும் அழித்தார். அந்த இடத்தில் ஒரு சதுரம். சமையலறைச் சுவர் இரண்டடி உள்ளே தள்ளிப் போனது. வேம்புலி மூன்று வாரத்தில் முடித்துவிடுவார் என்றார், தனக்குச் சம்பளம் வேண்டாம் என்றார். ரோஸி அட்டையை மறுபடி தள்ளினார். அது சதுரத்தில் திரும்பி, கீழே வந்து, ஹாலைக் கடந்து, வாசலில் நின்றது.

ரோஸி சின்னதாகிவிட்ட சமையலறையைப் பார்த்தார்.

“அடுப்ப ஜன்னல் பக்கம் வை. அன்னிக்கே சொன்னேன், நீ கேக்கல.”

ஜெயசீலி அடுப்பை அழித்து, ஜன்னல் பக்கம் வரைந்தார்.